பல மதங்களைப் பார்ப்பது மனதுக்கு மருந்தா, மேய்ச்சலா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி, 2024 ஜனவரி 12

எனக்கு 29 வயது. அப்பா போய் ஒரு வருசமாகிறது. நித்திரை வராது, வந்தாலும் விடிய மூன்று மணிக்கு எழும்பிவிடுவேன். கிளினிக்கில் குளிசை தந்திருக்கிறார்கள், போடுகிறேன். அதோடு ஐப்பசியிலிருந்து ஒவ்வொரு மதத்தையும் பற்றி வாசிக்கிறேன். ஒருநாள் விகாரைக்குப் போய் அரச மரத்தடியில் இருந்தேன். ஒருநாள் சேர்ச்சில் கடைசி வாங்கில் இருந்தேன். மனம் கொஞ்சம் லேசாகிறது. அண்ணா ஏசுகிறார். "இது பக்தியில்லை, ஹோட்டல் பஃபேயில தட்டை நிரப்புற வேலை" என்கிறார். என்னை நானே பார்த்துக்கொள்ள ஒரு வழி என்றுதான் நான் நினைத்தேன். பிழையா?

2024 ஜனவரி 12, இரவு 11.40

பிழையில்லை தங்கச்சி. குளிசையை மட்டும் நீரே முடிவெடுத்து நிற்பாட்ட வேண்டாம். நான் இதே வேலையை இருபது வருசமாகச் செய்கிறேன், அதற்கு ஒரு பெயர் வைக்கலாம் என்று யோசித்ததில்லை. மிச்சம் நாளைக்கு. கணிதத் தாள் திருத்தக் கிடக்கிறது.

2024 ஜனவரி 13

எங்கே தொடங்கியது என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பௌத்தர்களின் போயா, அதாவது பூரணை நாளும் அதுதான். தம்பி காலையில் சைக்கிளில் நிலாவெளிப் பக்கம் போனான். கடல் வந்தது. சைக்கிள் நாலாம் நாள் ஒரு பனைவடலிக்குள் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

உடல் இல்லாத சாவுக்கு எங்கள் முறையில் வழி இல்லாமல் இல்லை. தர்ப்பையால் உருச் செய்து கிரியை செய்யலாம். ஆனால் செய்ய ஆண்பிள்ளை வேண்டும். அப்பா 1990இல் போய்விட்டார். இருந்த ஒரே ஆண்பிள்ளைக்குத்தான் கிரியை. மாமா கனடாவில். நான் செய்யட்டுமா என்று கேட்டேன். "பொம்பிளைப் பிள்ளை செய்யிற வழக்கம் இல்லை அம்மா" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை, இரக்கத்தோடுதான் சொன்னார்கள், அதனால் எதிர்த்துக் கதைக்கவும் வாய் வரவில்லை. அம்மாவும் "அவன் வருவான்" என்றபடி இருந்தா. கதை அத்தோடு நின்றது.

பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா அன்று சில் எடுத்து (பௌத்தர்களின் போயா விரதம்) விகாரையில் இருந்தவ. அதனால் தப்பினவ. அவவின் மகன் கடற்கரையில் இருந்தவன். அவனும் கிடைக்கவில்லை. இறந்தவர் பெயரில் பிக்குமாருக்குக் கொடுக்கும் மூன்றாம் மாசத் தானத்துக்கு எங்களையும் கூப்பிட்டா. அம்மா வரமாட்டேன் என்றுவிட்டா, நான் போனேன்.

வெள்ளை விரிப்பில் பிக்குமார் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு தட்டு, தட்டில் சின்னக் கோப்பை, பக்கத்தில் மூக்கு வைத்த கூசா, தண்ணீர்ச் சாடி. அவர்கள் ஓதத் தொடங்கியதும் வீட்டார் எல்லாரும் கூசாவைச் சேர்த்துப் பிடித்துக் கோப்பைக்குள் தண்ணீர் வார்க்கவேண்டும். நிறைந்தபிறகும் நிற்பாட்டக் கூடாது. விளிம்பு தாண்டி வழிந்து தட்டுக்குள் இறங்கவேண்டும். நான் கதவு நிலையோடு ஒட்டி நின்றேன். அக்கா திரும்பிப் பார்த்தா. எழும்பி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுபோய்க் கூசாவின் பிடியில் வைத்தா. "மல்லிக்கும்" என்றா. மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

தண்ணீர் கோப்பையின் விளிம்பில் கொஞ்ச நேரம் மேடாக நின்றது. பிறகு ஒரு பக்கத்தால் உடைத்துக்கொண்டு இறங்கியது. பதினைந்து விரல்களாவது அந்தப் பிடியில் இருந்திருக்கும், யாருடைய விரல் எது என்று தெரியவில்லை.

ஆறுகள் நிறைந்து கடலை நிரப்புவதுபோல, இங்கே கொடுப்பது இறந்தவரைப் போய்ச் சேரட்டும் என்பதுதான் அந்தப் பாளிப் பாட்டின் பொருள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கே தெரிந்திருந்தால் கையை இழுத்திருப்பேன், கடல் என்ற சொல்லையே கேட்க ஏலாத காலம் அது. அன்றிரவு நாலு மணித்தியாலம் நித்திரை கொண்டேன். மூன்று மாசத்தில் அதுதான் முதல் தரம்.

2024 ஜனவரி 15

ஒருவர் கேட்டிருக்கிறார், "அப்ப நீங்கள் பௌத்தத்துக்கு மாறினீங்களா?" என்று. இல்லை. காலையில் முற்றத்தில் பொங்கிப் படைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக்கும் ஒரு சட்டி போயிருக்கிறது.

2024 ஜனவரி 20

அண்ணாவின் பஃபேக் கதைக்கு வருவோம். இதெல்லாம் இப்போது வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று இன்னொருவரும் எழுதியிருக்கிறார். அவர் மணிமேகலையை மறந்துவிட்டார். ஊருக்குள் இருந்த எல்லாச் சமயக் கணக்கரிடமும் ஒவ்வொருவராகப் போய் "உங்கள் கொள்கை என்ன?" என்று கேட்டவள் அவள். சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், கடைசியில் கடவுளே இல்லை என்ற பூதவாதி வரைக்கும். அதற்கென்றே ஒரு முழுக் காதை இருக்கிறது. காஞ்சி மாநகரில் நடந்தது.

நான் சொல்ல வருவது அவள் ஏன் போனாள் என்பது. கோவலனும் கண்ணகியும் சிலையாக நின்ற கோட்டத்தில் போய் நின்று, அவர்களைப் பார்த்து மனம் கலங்கிய பிறகுதான் இந்தத் தேடலே வருகிறது. போய்க் கேள் என்று சொல்பவளும் கண்ணகிதான். இளம்பெண் என்று பார்த்தால் ஒருவரும் உனக்கு உள்ளதைச் சொல்லமாட்டார்கள், உருவத்தை மாற்றிக்கொண்டு போ என்கிறாள். தகப்பனை இழந்த பெண்பிள்ளை மதங்களின் வாசலில் போய் நின்று கேட்பது தமிழில் புதிய கதை இல்லை தங்கச்சி. அண்ணாவுக்குக் காட்டும்.

2024 ஜனவரி 21

திருத்தம். காஞ்சி என்று எழுதிவிட்டேன், அது வஞ்சி. சமயக் கணக்கர் திறம் கேட்டது வஞ்சியில். காஞ்சிக்குப் போய் அறவண அடிகளிடம் அறம் கேட்டது அதற்குப் பிறகு. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. இந்தப் பிழையிலும் ஒரு விசயம் இருக்கிறது: அவள் வஞ்சியில் எல்லாரையும் கேட்டாள், ஆனால் அங்கேயே தங்கிவிடவில்லை.

2024 பெப்ரவரி 11

இன்று லூர்து அன்னையின் திருநாள். பாலையூற்றுப் பக்கம் போய்விட்டு வந்தேன். கெபியின் (குகைப் பீடத்தின்) முன்னால் மெழுகுதிரி உருகி உருகிக் கல்லே வெள்ளையாகிப் போயிருந்தது.

நீர் சேர்ச்சில் கடைசி வாங்கில் இருந்தேன் என்று எழுதினீர். அப்படித்தான் இருக்கவேண்டும். நான் செய்த பிழையைச் சொல்கிறேன். 2006இல் ஒரு ஆலயத்தில் பூசை நடக்கும்போது எல்லாரும் வரிசையில் எழும்பிப் போனார்கள். விபூதி, பிரசாதம் வாங்குவதுபோல என்று நினைத்து நானும் போய்க் கையை நீட்டினேன். அது நற்கருணை. அவர்களுக்கு அது இயேசுவின் உடல். அதைப் பெறத் தயாரிப்பு இருக்கிறது, திருமுழுக்கும் முதல் நன்மையும் இருக்கின்றன. குருவானவர் என் கையைப் பார்த்தார், நெற்றிப் பொட்டைப் பார்த்தார், அப்பத்தைக் கிண்ணத்துக்குள் திருப்பி வைத்துவிட்டு என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். பின்னால் நின்ற ஒருவருக்கும் அது தெரிந்திருக்காது. வீட்டுக்கு வந்து நெடுநேரம் அழுதேன். வெட்கத்தில்தான் அழுகிறேன் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், அப்பா போன பிறகு என் தலையில் கை வைத்த முதல் ஆள் அவர்.

இன்னொன்று. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு தெரியாத முகம் பின்வாங்கில் தனியாக இருந்தால் சனங்கள் பயப்படுவார்கள். அவர்களில் பிழை இல்லை. வாசலில் யாரிடமாவது "நான் சைவம், கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போக வந்தேன்" என்று சொல்லிவிட்டு இரும். இடம் தருவார்கள்.

2024 பெப்ரவரி 13

மணிகளைப் பற்றி எழுத மறந்துபோனேன். நித்திரை இல்லாதவருக்கு இது பெரிய உதவி.

செபமாலை சொல்லித் தந்தவ ஒரு வயதான சிஸ்டர். பத்துப் பத்து மணியாக ஐந்து தரம், தொங்கலில் மூன்று, ஆக 53 அருள்நிறை மந்திரம், மாதாவை நோக்கிச் சொல்லும் செபம். இடையில் பெரிய மணி ஆறு. மொத்தம் 59. உருத்திராக்க மாலையில் 108. முஸ்லிம்களின் தஸ்பீஹில் 99 அல்லது 33. தொழுகைக்குப் பிறகு 33, 33, 34 என்று நூறு. பௌத்தர்களும் 108 மணி வைத்திருக்கிறார்கள். என்னோடு படிப்பித்த முஸ்லிம் சிநேகிதி, கிண்ணியா டீச்சர், இதைக் கேட்டுச் சிரித்தா: "கணக்கு டீச்சருக்கு எல்லாம் கணக்குத்தான்." ஆனால் விடிய மூன்று மணிக்கு மனம் ஒரே காட்சியைத் திருப்பித் திருப்பி ஓட்டும்போது விரலுக்கு ஒரு வேலை கொடுத்தால், அடுத்த மணி, அடுத்த மணி என்று மனமும் விரலோடு போகும். அந்த சிஸ்டர் சொன்னது இதுதான்: "செபம் வராட்டா பரவாயில்லை மகள், மணியையாவது பிடியும்."

நான் சிவாய நம என்று சொல்லி செபமாலையை உருட்டினால் சரியா என்று அப்போது கேட்டேன். அவ கொஞ்சம் யோசித்து, "வேண்டாம், அதுக்கு உங்கட மாலையே இருக்கு" என்றா. எனக்கு அந்த மறுப்புப் பிடித்தது. அடுத்த கிழமை உருத்திராக்கம் வாங்கினேன்.

2024 பெப்ரவரி 25

ஒரு அண்ணன் காட்டமாக எழுதியிருக்கிறார்: "திருகோணமலையில் விகாரை என்பது வெறும் விகாரையா? உங்களுக்கு நித்திரை வரவேண்டும் என்பதற்காக எங்கள் காணியை மறக்கச் சொல்கிறீர்களா?"

மறக்கச் சொல்லவில்லை அண்ணா. நான் தானத்துக்குப் போய் இரண்டு மாசம் ஆகவில்லை, 2005 மே மாசம் நகரில் சந்தைக்குப் பக்கத்தில் புத்தர் சிலை வைத்தார்கள். கடைகள் பூட்டி, வீதியெல்லாம் ஆமிக்காரர். அந்த நாட்களில் பக்கத்து வீட்டு அக்காவின் வாசலால் போகப் பிடிக்காமல் மற்ற ஒழுங்கையால் சுற்றிப் போனேன். அந்தக் கூசாவின் பிடி கையில் இருந்த ஞாபகமே கசந்தது. இரண்டு கிழமைக்குப் பிறகு அவ வேலிக்கு மேலால் ஒரு கட்டு முருங்கைக்காயை நீட்டி, "என்னோட கோபமா?" என்று தமிழில் கேட்டா. ஓம் என்றேன். "எனக்கும் கோபம்தான்" என்றா. யாரோடு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முருங்கைக்காயை வாங்கினேன்.

கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனாலும் அதே நெஞ்செரிச்சல்தான். 31ஆம் நாள் காரியத்துக்கு எங்கள் சனம் போய் முழுகும் இடம். இராவணன் தாய்க்குச் செய்ததாகச் சொல்லும் இடம். அங்கே நிற்கும் பெயர்ப்பலகையை வாசித்தால் வயிறு எரியும். அந்த எரிச்சலை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

ஆனால் ஒரு விசயம் கேளுங்கள். பெரியகுளப் பக்கம் வெல்கம் விகாரை இருக்கிறது. எங்கள் ஆட்கள் நாதனார் கோயில் என்பார்கள். சோழர் காலத்தில் அதற்குப் பெயர் இராஜராஜப் பெரும்பள்ளி. 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன, விளக்கெரிக்கத் தமிழர் கொடுத்த கொடைகளைத் தமிழில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அனுராதபுரத்தைப் பிடித்த அதே சோழரின் காலத்தில்தான் அந்தப் பள்ளிக்கு விளக்கும் எரிந்திருக்கிறது. முந்தநாள் போயாவுக்கு அங்கே போய்ச் செங்கல் சுவரோடு கொஞ்ச நேரம் இருந்தேன். அந்த எழுத்துக்கு முன்னால் நான் அந்நியப்பட்ட ஆள் இல்லை.

2024 பெப்ரவரி 26

நேற்று எழுதியதைத் திருப்பி வாசித்தேன். கல்வெட்டைக் காட்டி அண்ணனின் கேள்வியை அமத்திவிட்டதுபோல இருக்கிறது. அது சரியில்லை. காணி இழந்தவரின் கோபத்துக்குக் கல்வெட்டு மறுமொழி ஆகாது. அண்ணனுக்கு விகாரைக்குப் போக மனமில்லை என்றால் போகவேண்டாம். ஆறுதல் தேடும் இடத்தில் நெஞ்சு இறுகுமென்றால் அது ஆறுதல் இல்லை.

2024 மார்ச் 9

சிவராத்திரி முடிந்து விடிய வந்து படுத்து இப்போதுதான் எழும்பினேன்.

கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசலால் ஏறும்போது இரவில் மான்கள் வீதியிலேயே படுத்திருக்கும், விலகாது. மேலே நாலு சாமமும் சனம். லிங்கோற்பவ நேரம் தாண்டி மூன்று மணிக்கு, நான் வழமையாக எழும்பிக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் அதே மூன்று மணிக்கு, இரண்டாயிரம் பேர் விழித்திருக்கிறார்கள். (எண்ணவில்லை, மனக்கணக்கு.) வீட்டில் அது நோய். அங்கே அது விரதம்.

இதை ஒவ்வொரு மதத்திலும் பார்க்கிறேன். முஸ்லிம்களுக்குத் தஹஜ்ஜுத், நித்திரையால் எழும்பித் தொழுவது, இரவின் கடைசிப் பங்கு அதற்கு மேலான நேரம். கத்தோலிக்கருக்குப் பெரிய வியாழன் இரவு, என்னோடு ஒருமணி நேரம் விழித்திருக்கக் கூடாதா என்று இயேசு சீடரைக் கேட்ட இரவு. பௌத்தர்களுக்கு விடியும் வரை நீளும் பிரித் ஓதல். நித்திரை வராதவருக்கு நித்திரை மட்டும்தான் மருந்து என்று நாங்கள் நினைக்கிறோம். இவர்கள் எல்லாரும் அந்த நேரத்துக்கு ஒரு வேலையும் கூட இருக்க ஆட்களும் கொடுத்திருக்கிறார்கள்.

பாறை விளிம்பில் நின்று கீழே கடலைப் பார்த்தேன். 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள், கல்லை எடுத்துக் கோட்டை கட்டினார்கள். 1956இல் மைக் வில்சன் அதே பாறையடியில் சுழியோடிக் கோயில் கற்களைக் கண்டார், அவரோடு ஆர்தர் சி. கிளார்க்கும் வந்திருந்தார். 1963இல் கும்பாபிஷேகம். சின்னப்பிள்ளையில் இதை அம்மா பெருமையாகச் சொல்லுவா. 2004க்குப் பிறகு எனக்கு அந்தக் கதை பிடிக்காமல் போனது. 334 வருசம் கடலுக்குள் கிடந்த தூணைக் கண்டெடுத்தார்களே என்று கோணேசரோடு கோபித்திருக்கிறேன். நேற்றும் அந்தக் கோபம் கொஞ்சம் இருந்தது. கோபத்தோடேயே நாலாம் சாமப் பூசையைப் பார்த்தேன்.

2024 மார்ச் 20

நோன்பு தொடங்கி ஒன்பதாம் நாள். கிண்ணியா டீச்சர் வீட்டுக்குப் போய் நானும் ஒருநாள் நோன்பிருந்தேன்.

2009இல் பாலம் வரும் வரைக்கும் நான் பாதையில் (ஆட்களை அக்கரைக்கு ஏற்றும் மிதவையில்) ஏறித்தான் அங்கே படிப்பிக்கப் போனது. மழைநாளில் சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துறையடியில் நிற்பேன், அவ அக்கரையில் குடையோடு நிற்பா. சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்த அன்று எங்கள் இரண்டு பேரின் வகுப்பிலும் வெறும் வாங்குகள் இருந்தன. இடாப்புக் கூப்பிட ஏலாமல் இரண்டு பேரும் ஒரே அறையில் போய் நின்றோம். அன்று அவ எனக்குக் குர்ஆனில் ஒரு சூறாவின், அத்தியாயத்தின், பொருளைச் சொன்னா: உன்னுடைய இறைவன் உன்னைக் கைவிடவும் இல்லை, உன்னில் வெறுப்புக் கொள்ளவும் இல்லை. இன்றைக்கும் எனக்கு அது பாடம்.

நேற்று பின்னேரம் கஞ்சி காய்ச்சும்போது பக்கத்தில் நின்றேன். பச்சையரிசி, உள்ளி நிறைய, வெந்தயம், இஞ்சி, ரம்பை. கடைசியில் முதற்பால். நான் இறைச்சி சாப்பிடுவதில்லை என்பதால் எனக்கு வேறு சட்டி. அந்த நேரத்தில்தான் இங்கே நடக்கும் கதையைச் சொன்னேன், உம்மைப் பற்றியும் சொன்னேன், பெயர் சொல்லவில்லை. அவ அகப்பையை நிற்பாட்டவில்லை, ஆனால் குரல் மாறியது.

"டீச்சர், கோபிக்காதீங்க. தொழுகை மனசுக்கு நல்லம், யோகாசனம் மாதிரி எண்டெல்லாம் ஆக்கள் சொல்லக்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும். நிம்மதி தாற நாளும் இருக்கு, ஒண்டுமே தராத நாளும் இருக்கு. தராத நாளும் தொழுவன். அது அல்லாஹ்வுக்கு நான் குடுக்கிற கடன். எனக்கு எழுதின மருந்தில்லை."

பாங்கு சொன்னது. ஈச்சம்பழத்தை முதலில் என் கையில்தான் வைத்தா.

2024 மார்ச் 22

இரண்டு நாளாக அந்தச் சொல் போகவில்லை. தலைப்பில் "மருந்தா" என்று போட்டதே நான்தான். அந்தச் சொல்லை வைத்துத்தான் ஜனவரியிலிருந்து எழுதுகிறேன். அது அரைவாசிதான் சரி.

தானத்தில் அன்று எனக்கு நித்திரை வந்தது உண்மை. ஆனால் அக்கா எனக்கு நித்திரை வரட்டும் என்று தண்ணீர் வார்க்கவில்லை. தன் பிள்ளைக்குக் கொடுத்தா, அதில் என் தம்பிக்கும் பங்கு வைத்தா. நான் எனக்காக ஒன்றும் எடுக்காத அந்த ஐந்து நிமிசத்தில்தான் எனக்குக் கிடைத்தது. மணி உருட்டியதும் அப்படித்தான், தலையில் கை வைத்ததும் அப்படித்தான். பிறகு புத்தகம் புத்தகமாக, எது எனக்குச் சுகம் தரும் என்று தேடிய வருசங்கள் இருக்கின்றன, 2008 தொடக்கம் 2011 வரை. அந்த வருசங்களில்தான் நான் கூடச் சோர்ந்துபோனேன்.

இராமகிருஷ்ண பரமஹம்சரை நினைத்துப் பார்க்கிறேன். 1866இல் இஸ்லாமிய வழியில் சாதனை செய்தபோது கோயில் வளவுக்கு வெளியே தங்கினார், அந்த நாட்களில் இந்துத் தெய்வப் படத்தைப் பார்க்கவும் அவருக்கு மனம் வரவில்லை. 1874இல் கிறிஸ்து. இரண்டும் சில நாட்கள்தான், ஆனால் அந்த நாட்களில் அவர் முழுக்க அங்கே இருந்தார். விபுலானந்த அடிகள் அந்த மரபில் வந்து எங்கள் ஊர் இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்தினவர், நாங்கள் பெயர் மட்டும் சொல்லிக்கொண்டு இருக்கிறோம்.

2024 ஏப்ரல் 3

தங்கச்சி, நீர் நேற்று எழுதியதைப் பார்த்துப் பதறிப்போனேன். ஒரே கிழமையில் தியான வகுப்பு, இஃப்தார், பெரிய வெள்ளி வழிபாடு, இணையத்தில் சூபி நடனம், யூதரின் ஓய்வுநாள் மெழுகுதிரி, எல்லாம் செய்து இப்போது முன்னையைவிட மோசம் என்கிறீர். முதலில் கிளினிக்குக்குப் போம், நித்திரை குறைந்ததைச் சொல்லும். மற்றதில் ஒன்றை மட்டும் வைத்திரும். எது என்று நான் சொல்லமாட்டேன். ஆறு மாசம் அதையே செய்யும், பிடிக்காத நாளும் செய்யும். அதோடு தனியாகச் செய்யாமல், அந்த மதத்தில் பிறந்து வளர்ந்த ஒருவரின் பக்கத்தில் இருந்து செய்யும்.

அண்ணா சொன்ன பஃபேயில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

2024 ஏப்ரல் 6

யூதர் என்றதும் ஞாபகம் வந்தது. அவர்களிடம் நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், அதுவும் வாசித்து மட்டும். செத்தவீட்டில் ஏழு நாள் துக்கம் இருப்பார்கள், துக்கக்காரர் பதிவான ஆசனத்தில் இருப்பார். பார்க்க வருபவர் முதலில் பேசக் கூடாது, துக்கக்காரர் வாய் திறக்கும் வரைக்கும் பொறுக்கவேண்டும். யோபுவின் சிநேகிதரும் ஏழு நாள் இரவும் பகலும் நிலத்தில் அவரோடு பேசாமல் இருந்தார்கள். பேசத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் பிழைத்தது.

எங்கள் செத்தவீட்டில் என்ன நடக்கிறது? "எப்படி நடந்தது, கடைசியா என்ன சொன்னவர், ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேல்லை?" வருபவர் எல்லாரும் கேட்பார்கள். சுனாமிக்குப் பிறகு முகாமில் ஒருவர் என்னிடம் கிசா கோதமியின் கதையைச் சொன்னார். சாவு விழாத வீட்டில் ஒரு பிடி கடுகு வாங்கி வா என்று புத்தர் சொன்ன கதை. எவ்வளவு பெரிய கதை! ஆனால் பதினொராம் நாளில் அதைக் கேட்க எனக்குக் காது இருக்கவில்லை, எழும்பிப் போய்விட்டேன். பக்கத்து வீட்டு அக்கா அந்தக் கதையை எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது துக்க வீட்டுக்குப் போனால் நான் ஒன்றும் கேட்பதில்லை. போய் நிலத்தில் இருப்பேன். சிலர் பெருமைக்காரி என்று நினைக்கிறார்கள், நினைக்கட்டும்.

2024 ஏப்ரல் 24

நேற்று சித்திராப் பூரணை. தாயை இழந்தவர்களின் விரதம். அம்மாவுக்காகக் கஞ்சி காய்ச்சினேன். அதே நிலவு அக்காவுக்குப் பக் போயா. அவ வெள்ளை உடுத்துச் சில் எடுக்கப் போனபடியால் மத்தியானத்துக்குப் பிறகு சாப்பாடில்லை, கஞ்சியைப் பதினொரு மணிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். உம்மிடமிருந்து ஒரு வரியும் காணவில்லை. சுகமா?

2024 மே 2

உமது குறிப்பைப் பார்த்தேன். குளிசையை மாற்றித் தந்திருக்கிறார்கள், ஐந்து மணித்தியாலம் நித்திரை, பின்னேரத்தில் அந்த அரச மரத்தடியில் மட்டும் இருக்கிறேன், கூட்டிப் பெருக்கும் அம்மாவோடு சேர்ந்து சருகு அள்ளுகிறேன் என்று எழுதியிருக்கிறீர். சருகு அள்ளுவது நல்ல வேலை.

2024 ஓகஸ்ட் 4

இன்று ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாதவர்களின் நாள். நீர் கடற்கரைக்கு வரமுடியுமா என்று கேட்டபடியால் வந்தேன். இல்லாவிட்டால் இருபது வருசமாக இந்த நாளில் கடற்கரைப் பக்கம் போவதில்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஒரு விசயம் பேசி வைக்காமலே ஒரே இடத்தில் நின்றதை இங்கே எழுதவேண்டும், நீர் எழுதமாட்டீர். ஐயர்மார் வரிசையாக இருந்தார்கள், எள், தண்ணீர், தர்ப்பை. உமது அண்ணா அப்பாவுக்காகப் போய் இருந்தார். பிறகு எழும்பிவந்து, "நீயும் போய்க் குடு" என்று உம்மிடம் சொன்னார். உமக்குப் பின்னால் நானும் போனேன்.

ஐயர் சின்னப் பொடியன், முப்பது வயது வராது. மாட்டேன் என்பார் என்று நினைத்துத் தொண்டையை இறுக்கி வைத்திருந்தேன். அவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"ஆருக்கு அம்மா?"

"தம்பிக்கு."

"பேர்?"

சொன்னேன். சத்தமாக அந்தப் பெயரைச் சொல்லி எத்தனை வருசம்.

"எப்ப தவறினவர், திதி தெரியுமா?"

தெரியாது என்று வாய் வந்தது. இருபது வருசம் திவசம் செய்யாதவளுக்குத் திதி எங்கே தெரியும்? அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா வெள்ளை உடுத்துச் சில் எடுக்கப் போன அந்தக் காலை கண்ணுக்குள் வந்தது. போயா.

"பூரணை" என்றேன். "மார்கழிப் பூரணை."

அவர் என் வலக்கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையில் எள்ளை வைத்துத் தண்ணீரை வார்த்தார்.